கதவை யார் அடைத்தது?

கொளவாய் ஏரிக்கரை, செங்கல்பட்டு. மார்கழி விடியல்.

ஏரியின்மேல் படிந்த பனி இன்னும் விலகவில்லை. ரயில் போகும் சத்தம் கேட்கிறது, ரயில் தெரியவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத இந்த அரைமணி நேரத்தில் எனக்கு ஆயாவின் குரல் நினைவுக்கு வந்துவிடும்.

ஆயா தினமும் ஒரு அதிகாரம் சத்தமாக வாசிப்பாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள்; ஆனால் வேதப்புத்தகத்துத் தமிழ் அவள் நாக்கில் ஒருநாளும் தடுக்கியதில்லை. நோவா கதை வரும் அன்று பிள்ளைகள் எங்களுக்குக் கொண்டாட்டம். ‘பேழை’ என்கிற சொல்லை அவள் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். கப்பல் என்றோ படகு என்றோ எழுதாமல் பேழை என்று எழுதியவர்களை இன்றைக்கும் மனதுக்குள் வணங்குகிறேன். நகையும் பத்திரமும் வைத்துப் பூட்டுகிற பெட்டியின் பெயர் அது. பாய்மரம் கிடையாது, துடுப்பு கிடையாது, சுக்கான் கிடையாது. எபிரேயத்தில் இருக்கும் ‘தேபா’வும் அப்படிப்பட்ட சொல்தான். வேதாகமத்தில் இரண்டே இடங்களில் வருகிறது: நோவாவின் பேழைக்கும், குழந்தை மோசேயை நைல் ஆற்றில் விட்ட நாணல் பெட்டிக்கும்.

எல்லாரும் ஏறியான பிறகு பேழையின் கதவை அடைத்தவர் நோவா இல்லை, கர்த்தர். ஏழாம் அதிகாரத்தில் அரை வரி. ஒன்பது வயதில் அந்த அரை வரியில் நான் மாட்டிக்கொண்டேன். “வெளியில இருந்தவங்க கதவத் தட்டினாங்களா ஆயா?” என்று கேட்டேன். ஆயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சோறு போடும்போது, நானே கேள்வியை மறந்துவிட்ட பிறகு, “தட்டியிருப்பாங்க” என்றாள்.

மண்பலகை.

லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். பணத்தாள் அச்சடிப்பதற்குத் தகடு செதுக்கும் வேலை கற்றவர். மதியச் சாப்பாட்டு நேரங்களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய், நினிவேயிலிருந்து வந்த களிமண் பலகைகளைப் பார்த்துப் பார்த்து ஆப்பெழுத்தைத் தானே கற்றுக்கொண்டார். பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். 1872இல் உடைந்த பலகை ஒன்றில், ஒரு மலைமேல் கப்பல் தங்கியதையும், வெளியே விட்ட புறா உட்கார இடம் கிடைக்காமல் திரும்பியதையும் வாசித்தார். அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி அதை அறிஞர் சபையில் அறிவித்தபோது, பிரதமர் கிளாட்ஸ்டன் எதிரே அமர்ந்து கேட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 36 வயதில், சிரியாவின் அலெப்போவில் ஸ்மித் இறந்துபோனார்.

அவர் வாசித்தது கில்கமேஷ் காவியத்தின் பதினோராம் பலகை. அசீரிய அரசன் அஷுர்பனிபாலின் நூலகத்தில் இருந்தது. கி.மு. 612இல் நினிவே வீழ்ந்து அரண்மனை எரிந்தது. ஓலையும் தோலும் சாம்பலாகும் தீயில் களிமண் சுட்ட செங்கலாக இறுகியது. வெள்ளத்தின் கதையை நெருப்பு காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

இருபது வயதில் இதை முதன்முதலாகப் படித்த நாள், பாட்டன் சொத்தின் பத்திரத்தில் வேறு யாருடைய பெயரோ இருப்பதைக் கண்டவன்போல உட்கார்ந்திருந்தேன். வெள்ளத்தைப் பற்றிய எச்சரிக்கை, கலம் கட்டும் அளவு, உயிரினங்கள், மலை, பறவை, கரையேறியதும் இட்ட பலி எல்லாம் அங்கே இருந்தன. அதற்கும் முந்திய அத்ராகசிஸ் கதையின் படி ஒன்று கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமேரிய மொழியிலும் ஒரு வடிவம் உண்டு. அதில் நாயகன் பெயர் சியுசுத்ரா. ஆயா அறியாத பெயர்கள். அவளிடம் இதைச் சொல்லவே இல்லை. சொன்னால் அவள் நம்பிக்கை ஆடிவிடும் என்று பயந்தேன். ஆடியது என்னுடையது.

நாற்பது வருடம் கழித்து வேறு மாதிரி படிக்கிறேன். ஒரே கதை இரண்டு வீடுகளில் சொல்லப்படும்போது, எந்த இடத்தில் சொல்பவரின் குரல் மாறுகிறது என்று கவனிக்கிறேன். எல்லா வெள்ளக் கதைகளிலும் தண்ணீர் ஒன்றுதான். தண்ணீர் ஏறும்போது தெய்வம் எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்பதில்தான் கதைகள் பிரிகின்றன.

மாமல்லபுரம் குப்பம். கீல்.

கரையில் ஏற்றி வைத்த பைபர் படகின் அடியில் ஒருவர் விரிசலுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தார். “இப்ப ரெசின் ஊத்தி மேட் ஒட்டிட்டா போதும் சார். எங்க தாத்தா காலத்துல மரப்படகுக்குக் கலப்பத்து பாக்கணும், கயிறு திணிச்சு, குங்கிலியம் காய்ச்சி ஊத்தி…” என்றார். நான் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டேன்.

பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசச் சொல்கிறது ஆதியாகமம். அந்த இடத்தில் வரும் எபிரேயச் சொல் ‘கோபெர்’. கீல் என்ற பொருளில் வேதாகமத்தில் வேறெங்கும் அது இல்லை. பாபிலோனிய மொழியில் கீலுக்குப் பெயர் ‘குப்ரு’. இரண்டும் உடன்பிறந்த சொற்கள். கீல் தரையிலிருந்து ஊறி வரும் நாடு மெசப்பொத்தேமியா. நாணல் கூடைக்கும் பரிசலுக்கும் அதைத்தான் பூசினார்கள். கதை நடந்து வந்த வழியில் காலில் ஒட்டிக்கொண்டு வந்த கறுப்புத் துளி இந்தச் சொல் என்று தோன்றும். நேபுகாத்நேச்சார் யூதர்களைப் பாபிலோனுக்குச் சிறையெடுத்துப் போன காலத்தில் கதை கைமாறியதா, அதற்கு வெகு முன்பே வந்துவிட்டதா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். கில்கமேஷ் காவியத்தின் துண்டு ஒன்று இஸ்ரவேல் நாட்டு மெகித்தோவிலேயே கிடைத்திருக்கிறது, கி.மு. 14ஆம் நூற்றாண்டு. எனக்கு அந்த வாதத்தைவிட இந்தச் சொல் போதும்.

பிரிட்டிஷ் மியூசியத்து இர்விங் பிங்கல் 2014இல் இன்னொரு பலகையைப் பற்றி எழுதினார். அதில் வரும் பேழை வட்டமானது. கயிற்றைச் சுற்றிச் சுற்றி முடைந்து கீல் பூசிய, 3,600 சதுர மீட்டர் தளம் கொண்ட மாபெரும் பரிசல். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறிய எவருக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டாம். அதன் சிறிய மாதிரியைக் கட்டிப் பார்க்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கேரளத்துக் காயல் ஓரம். தண்ணீரில் விட்டார்கள், மிதந்தது. உள்ளே நீரும் கசிந்தது.

கில்கமேஷ் கதையில் கதவை அடைப்பது மனிதர்கள். அங்கே நோவாவின் இடத்தில் இருக்கும் உத்னபிஷ்டிம் உள்ளே நுழைந்து அடைக்கிறான். வெளியே நின்று கீல் பூசி மூடிய படகோட்டி ஒருவன் இருக்கிறான். அந்த வேலைக்குக் கூலியாகத் தன் அரண்மனையையும் அதிலுள்ள பொருளையும் அவனுக்குக் கொடுத்துவிடுகிறான் உத்னபிஷ்டிம். சிறிது நேரத்தில் நீருக்கடியில் போகப்போகிற அரண்மனை. அந்தப் படகோட்டியை நினைத்தால் என்னால் மேலே படிக்க முடிவதில்லை. கைநிறையக் கூலியோடு வீட்டுக்கு நடந்திருப்பான்.

அத்ராகசிஸ் கதையில் இன்னொரு காட்சி. கலம் தயாராகிவிட்டது. வீட்டார் விருந்து சாப்பிடுகிறார்கள். அத்ராகசிஸால் உட்கார முடியவில்லை, குந்த முடியவில்லை. உள்ளே போகிறான், வெளியே வருகிறான். நெஞ்சு உடைந்து பித்தமாக வாந்தி எடுக்கிறான். நோவாவோ, வெள்ளம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. எவ்வளவு தேடியும் இல்லை. சொன்னபடி செய்தான் என்று மட்டும் இருக்கிறது. சிறுவயதில் அது கீழ்ப்படிதல் என்று கற்பித்தார்கள். இப்போது அந்த மௌனத்தில் ஏதோ அடைபட்டுக் கிடப்பதாகத் தோன்றுகிறது.

மலைமேல், மகிஷாசுரமர்த்தினி மண்டபம். நடுப்பகல்.

வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் ஒரு சுவரில் நீண்டு படுத்திருக்கும் பெருமாள் தெரிவார். காலடிப் பக்கம் கதாயுதங்களோடு மது, கைடபன் என்ற அசுரர்கள். எதிர்ச்சுவரில் சிங்கத்தின்மேல் துர்க்கை, பின்வாங்கும் எருமைத்தலை அசுரன். ஒரு சுவரில் உறக்கம், ஒரு சுவரில் போர். ஏழாம் நூற்றாண்டில் இதைச் செதுக்கியவர்களுக்குப் பாபிலோனின் பெயர்கூடத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அங்கேயும் இந்த இரண்டிலிருந்துதான் எல்லாம் தொடங்குகின்றன.

பாபிலோனியரின் படைப்புக் காவியமான எனூமா எலிஷில் முதலில் நீர் மட்டும் இருந்தது. நன்னீர் அப்சு, உப்புநீர் தியாமத். இளைய தெய்வங்கள் போட்ட கூச்சலில் அப்சுவுக்குத் தூக்கம் கெட்டது. அவர்களைக் கொல்ல நினைத்தான். கடைசியில் அந்த இளைய தெய்வங்களில் ஒருவனான மர்துக் தியாமத்தைக் கொன்று, காயவைப்பதற்கு மீனைப் பிளப்பதுபோல இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்கினான். கருவாடு காயும் இந்தக் கரையிலிருந்து பார்த்தால் வானம் அப்படித்தான் இருக்கிறது.

ஆதியாகமத்தில் போர் இல்லை. ‘தெகோம்’ என்ற எபிரேயச் சொல்லுக்கும் தியாமத் என்ற பெயருக்கும் ஒரே வேர். நம் வேதாகமத்தில் அது ‘ஆழம்’ ஆகியிருக்கிறது. அங்கே ஆழம் யாரோடும் சண்டைக்கு வருவதில்லை. இருளில் கிடக்கிறது, மேலே ஆவி அசைவாடுகிறது, பிறகு ஒரு சொல் ஒலிக்கிறது. பழைய போரின் நினைவு முழுக்க அழிந்துவிடவும் இல்லை. எழுபத்து நான்காம் சங்கீதத்தில், கடலைப் பிளந்ததும் லிவியாதானின் தலைகளை நொறுக்கியதும் திடீரென்று தலைகாட்டுகின்றன. வீட்டில் யாரும் பேசாத பெரியப்பாவின் படம் பரணிலிருந்து கிடைத்ததுபோல.

உறக்கத்துக்கு வருகிறேன். அத்ராகசிஸில் வெள்ளத்துக்குக் காரணமே உறக்கம்தான். மனிதர்கள் பெருகினார்கள், இரைச்சல் கூடியது, என்லில் தெய்வத்தால் தூங்க முடியவில்லை. கொள்ளைநோய், வறட்சி, பஞ்சம், கடைசியில் வெள்ளம். பாகவதத்தில் நேர் எதிராக இருக்கிறது. பிரம்மாவுக்குத் தூக்கம் வருகிறது. அவர் கண்ணயரும் வேளையில் உலகம் நீரில் அமிழ்கிறது. அங்கே தெய்வம் தூங்க முடியாததால் பிரளயம், இங்கே தூங்கியதால்.

மூன்றாவதாக ஒரு தூக்கம் இருக்கிறது. மாற்கு நான்காம் அதிகாரம். கலிலேயாக் கடலில் சுழல்காற்று, படகில் தண்ணீர் ஏறுகிறது, இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் எழுப்பிக் கேட்பது, காப்பாற்று என்று கேட்பதல்ல. நாங்கள் சாவது உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். அவர்களில் சிலர் மீனவர்கள். கடல் தெரிந்தவர்களின் பயத்தில்தான் இப்படியொரு கேள்வி வரும்.

மண்டபத்துப் பெருமாளின் முகத்தை நெடுநேரம் பார்த்தேன். காலடியில் இருவர் கதாயுதம் ஓங்கி நிற்கும்போதும் அந்த முகத்தில் தொந்தரவு இல்லை.

கிருஷ்ண மண்டபம்.

கீழே இறங்கி வந்து அதிக நேரம் நின்றது இங்கேதான். இந்திரன் கோபத்தில் ஏழு நாள் பெய்த மழை, மலையைத் தூக்கிப் பிடித்த கண்ணன். பாபிலோனிலும் புயல் ஏழு நாள்தான் அடிக்கிறது. நோவாவுக்கு நாற்பது நாள். ஆனால் நான் பார்க்க வருவது பால் கறக்கும் மனிதரை. தூக்கிய மலைக்கடியில் அவர் குந்தி உட்கார்ந்து கறந்துகொண்டிருக்கிறார். பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. பக்கத்தில் பலராமன் ஒரு முதியவரின் தோளில் கைபோட்டு நிற்கிறார். இந்தப் பேழைக்குக் கதவில்லை. நாலு பக்கமும் திறந்திருக்கிறது.

காரணம்.

1788இல் வெளிவந்த ‘ஆசியாடிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் வில்லியம் சேம்பர்ஸ் மாமல்லபுரத்தைப் பற்றி எழுதினார். ஊரின் பெருமை தேவலோகத்தோடு போட்டியிட்டதாம். தேவர்கள் பொறாமைப்பட்டுக் கடலை ஏவினார்களாம். நீருக்கடியில் கோபுரங்களின் கலசம் மின்னியதைப் பெரியவர்கள் பார்த்ததுண்டாம். கடலில் மூழ்கிய ஏழு கோயில் கதை அங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது. அதே தொகுதியில் வில்லியம் ஜோன்ஸ், பாகவதம் சொல்லும் திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதனும் நோவாவும் ஒருவரே என்று நிறுவப் பார்க்கிறார். ஸ்மித் பலகையை வாசிக்க இன்னும் 84 வருடம் இருந்தது. நடுவில் இருந்த பெரிய வீடு மண்ணுக்கடியில் கிடந்தது தெரியாமல், இரண்டு ஓரங்களை நேராக முடிச்சுப் போட்டுவிட்டார். தப்பாகப் போட்ட முடிச்சுதான். ஆனால் நூல் இருக்கிறது என்று கை கண்டுகொண்டது.

மல்லைக்குப் பொறாமை. பாபிலோனுக்கு இரைச்சல். மணிமேகலையில் புகார் நகரத்துக்கு, இந்திரவிழா எடுக்க மறந்தது. அந்த மறதிக்கும் காரணம், மகனைக் காணாமல் தேடி அலைந்த ஒரு தகப்பனின் துக்கம். பிள்ளையைத் தொலைத்தவனின் ஊரைக் கடல் கொண்டது என்று எழுதிய சாத்தனாரின் கை நடுங்கியிருக்க வேண்டும். ஆதியாகமம் சொல்லும் காரணம் கொடுமை. பூமி கொடுமையால் நிறைந்துவிட்டது. இங்கேதான் பழைய கதையின் எலும்பையே எபிரேயர்கள் மாற்றினார்கள். தூக்கம் கெட்ட ஒரு தெய்வத்தின் எரிச்சலுக்கு உலகத்தைப் பலிகொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நீதி என்ற ஒன்று நடுவில் வர வேண்டியிருந்தது.

அதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள். பாபிலோனில் கொல்ல ஒரு தெய்வம், காக்க ஒரு தெய்வம். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்ட எங்கி, நாணல் சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல ரகசியத்தைச் சொல்கிறான். சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருப்பவன் கேட்டுக்கொள்கிறான். அழுவதற்குத் தாய்த்தெய்வம் ஒருத்தி இருக்கிறாள். மனிதரைப் பிசைந்து உருவாக்கியவள், ஆற்றில் தும்பிகளைப்போல மிதக்கும் தன் பிள்ளைகளைப் பார்த்து வாய்விட்டு அழுகிறாள். மற்ற தெய்வங்கள் வெள்ளத்துக்குப் பயந்து மேலே ஓடி, சுவரோரம் நாய்களைப்போல ஒடுங்கிக் கிடக்கின்றன. ஆதியாகமத்தில் ஒருவரே தெய்வம். கோபமும் எச்சரிக்கையும் துக்கமும் ஒரே நெஞ்சுக்குள் இருந்தாக வேண்டும். அவர் இருதயம் விசனப்பட்டது என்று இருக்கிறது. ஆனால் அது வெள்ளத்துக்கு முன்பு. தண்ணீர் ஏறிய நாட்களில் அவர் அழுதாரா என்று எழுதவில்லை. கதவை அடைத்ததை எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு பாபிலோனின் தெய்வங்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வருகின்றன. மனிதர் மறுபடி பெருகி இரைச்சல் போடாதிருக்க, மலடும், தாய்மடியிலிருந்து சிசுவைப் பறிக்கும் ஒரு பேயும் இனி இருக்கும். குழந்தையைப் பறிகொடுத்த எத்தனை தாய்மாருக்கு இந்தக் கதை பதிலாகச் சொல்லப்பட்டிருக்கும்! ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தின் முதல் வார்த்தைகள் அதற்கு நேர்முகமாக நிற்கின்றன: பலுகவும் பெருகவும் ஆசீர்வாதம். எங்கள் வேதம் எங்கே தன் குரலில் பேசத் தொடங்குகிறது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைக் காட்டுவேன்.

சதபத பிராமணத்தின் மனு கதையில் காரணமே இல்லை. காலையில் கை கழுவக் கொண்டுவந்த நீரில் ஒரு சின்ன மீன் வருகிறது. பெரிய மீன் தின்றுவிடும் என்ற பயம் அதற்கு. காப்பாற்றச் சொல்கிறது, பதிலுக்கு வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்கிறது. வெள்ளம் ஏன் வரும் என்று மீன் சொல்லவில்லை, மனு கேட்கவும் இல்லை.

சாளுவன்குப்பம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பௌர்ணமி. சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28க்கு. இந்தக் கரைக்கு அலை வரும்போது மணி ஒன்பதை ஒட்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் போனார்கள். 6,000 பேருக்குமேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். கடல்கோள் என்ற சொல் நம்மிடம் நெடுங்காலமாக இருந்தது. அன்று காலையில் அது யார் நினைவுக்கும் வரவில்லை.

மல்லையில் அலைக்கு முன்பு கடல் உள்வாங்கியபோது, வரிசையாகப் பாறைகள் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அலை மணலை அரித்துக்கொண்டு போன இடத்தில் புதைந்திருந்த சிற்பங்கள் வெளிப்பட்டன. சாளுவன்குப்பத்துப் புலிக்குகைக்கு அருகே ஒரு பாறையில், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறையினர் தோண்ட, செங்கல்லால் கட்டிய முருகன் கோயில் கிடைத்தது. அதன்மேல் பல்லவர் காலத்துக் கட்டுமானம். வாசலில் கல்வேல், உள்ளே குரவையாடும் பெண்களைக் காட்டும் சுடுமண் பலகை. பழைய கோயிலையும் கடல்தான் கொண்டது, பிறகு கட்டியதையும் கடல்தான் கொண்டது என்று தோண்டியவர்கள் கருதினார்கள். மண்ணடுக்கில் கடற்சிப்பிகள் இருந்தன.

வேலிக்கு வெளியே நின்று அந்தச் செங்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அலையில் போன கோயிலின்மேல் மறுபடி வந்து கட்டியவர்களுக்குக் காரணம் ஏதும் சொல்லப்பட்டிருக்குமா? இரைச்சல், பொறாமை, பாவம்? இல்லை, காரணம் கேட்காமலே கட்டினார்களா?

அந்த ஞாயிறு ஆயா உயிரோடு இருந்தாள், 81 வயது. கடற்கரையிலிருந்து ஏறிவந்த சனங்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் கிடந்தார்கள். இரண்டாவது அலை வருகிறது என்று வதந்தி வேறு. இரவு நான் தெருக்கதவைத் தாழ்ப்பாள் போடப் போனேன். “போடாத” என்றாள் ஆயா. திருடன் வருவான் என்றேன். “வரட்டும்” என்றாள். பத்து நாள் அந்தக் கதவு அடைக்கப்படவில்லை. நாலாம் நாள் கொக்கிலமேட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து திண்ணையில் படுத்தது.

தலசயனம்.

கடல்மல்லையில் பெருமாள் தரையில் படுத்திருக்கிறார். தலவரலாறு எல்லாருக்கும் தெரிந்ததுதான். புண்டரீக முனிவர் தாமரைகளைப் பறித்துக்கொண்டு, பாற்கடலில் பள்ளிகொண்டவனுக்குச் சாத்தப் புறப்பட்டார். குறுக்கே கடல். கையால் இறைக்கத் தொடங்கினார். முதியவர் ஒருவர் வந்து பசிக்கிறது என்றார். நீ சோறு கொண்டுவா, அதுவரை நான் இறைக்கிறேன் என்றும் சொன்னார். முனிவர் திரும்பி வந்தபோது, அந்தப் பூக்களைச் சூடிக்கொண்டு பெருமாள் வெறுந்தரையில் கிடந்தார்.

இது பிரளயக் கதை இல்லை. ஆனாலும் இந்தக் குறிப்புகளில் இதற்கு இடம் வேண்டும். கடலைக் கையால் இறைக்கிறவனைப் பார்த்து, கொடு, கொஞ்சநேரம் நான் இறைக்கிறேன் என்று சொன்ன தெய்வத்தை வேறெந்தப் பலகையிலும் நான் வாசிக்கவில்லை.

மதுராந்தகத்தையும் குறித்து வைக்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஏரிக்கரை வருடாவருடம் உடைந்துகொண்டிருந்தபோது, கலெக்டர் லயனல் பிளேஸ் பெருமழை இரவில் கரையைப் பார்க்கப் போய், வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டாராம். ஏரி காத்த ராமர் என்ற பெயர் அப்படி வந்தது. தாயார் சன்னதி அவர் செலவில் எழுந்தது. கும்பினிக்காரர், கிறிஸ்தவர். நோவா கதையை அம்மா மடியில் கேட்டு வளர்ந்திருப்பார். மழையில் நனைந்து நின்ற அந்த இரவு அவர் கண்டதைப் பற்றி நான் சந்தேகம் ஏதும் கேட்கப்போவதில்லை.

டிசம்பர் 26. மறுபடி குப்பத்தில்.

காலையிலேயே கரையில் கூட்டம். பெண்கள் செம்பில் பால் கொண்டுவந்து கடலில் ஊற்றுகிறார்கள், பூவை விடுகிறார்கள். அலை பூவைத் திரும்பக் கொண்டுவந்து காலடியில் போடுகிறது. எடுத்து மறுபடி விடுகிறார்கள். யாரும் கடலைத் திட்டவில்லை. மறுபடி வலை எடுத்துப் போக வேண்டியிருந்த கடல் இது.

அன்று படகுக்கு மருந்து பூசியவர் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து நின்றார். தூரத்தில் ஒரு கட்டுமரம் போய்க்கொண்டிருந்தது. பேழையைப் பற்றிச் சொன்னேன், கதவு, கீல், மூன்று தட்டு. பொறுமையாகக் கேட்டார். “கட்டுமரத்துக்கு உள்ளன்னு ஒன்னு கிடையாது சார். தண்ணி மேல வரும், கீழ போயிடும். அது பாட்டுக்கு மிதக்கும்” என்றார்.

பறவைகளைப் பற்றியும் நினைத்துக்கொண்டேன். உத்னபிஷ்டிம் புறாவை விடுகிறான், திரும்பி வருகிறது. தகைவிலானை விடுகிறான், திரும்பி வருகிறது. காகம் போகிறது; தண்ணீர் வடிவதைக் காண்கிறது, இரை எடுக்கிறது, திரும்பி வரவில்லை. அதற்கு முன்பே, சாளரத்தைத் திறந்து வெளிச்சம் முகத்தில் பட்டதும் உத்னபிஷ்டிம் உட்கார்ந்து அழுதிருந்தான். மனிதரெல்லாம் களிமண்ணாகக் கிடந்தார்கள். நோவா முதலில் காகத்தை விடுகிறான், பிறகு மூன்று முறை புறாவை. கரை காணாமல் திரும்பிப் பாய்மரத்தில் வந்து உட்காரும் பறவை நமக்கும் புதிதில்லை. குலசேகர ஆழ்வார் தம்மையே அந்தப் பறவை என்றார். தெய்வத்தை விட்டால் தனக்குப் போக்கிடம் இல்லை என்று சொல்ல, கடல் நடுவே நிற்கும் கப்பலைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

கூட்டம் கலையத் தொடங்கியது. ஒரு பெண்மணி மட்டும் தள்ளிப்போய், மணலைக் கையால் நிரவி வாழையிலை விரித்தார். சோறு, மீன்குழம்பு, ஒரு பொட்டலம் பிஸ்கட். சின்னப் பிள்ளைகள் தின்கிற வகை. இலையைச் சுற்றி நீர் விட்டுவிட்டு, கொஞ்சம் விலகி நின்று கூப்பிட்டார்.

“கா… கா…”

காற்றுக்கு இலையின் ஓரம் தூக்கியது. அவர் ஒரு கூழாங்கல்லை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். படகின் அணியத்தில் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்தன. நாங்கள் எல்லாரும், படகுக்காரர், நான், போகாமல் நின்ற நாலைந்து பேர், அந்தக் காகங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.